கினபாலு சரிவில் ஒரு செருப்பு ஆர்க்கிட்

போர்னியோ தீவின் வடகோடியில், மலேசியாவின் சபா மாநிலத்தில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு மலையின் சில சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத தாவரம் பாஃபியோபெடிலம் ரோத்சைல்டியானம். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைச் சுருக்கமாக ‘ரோத்’ என்பார்கள். பல ஆண்டுகள் படங்களில் மட்டுமே பார்த்திருந்த இந்தப் பூவை ஒரு கண்காட்சியில் முதன்முதலாக நேரில் கண்டபோது, அதன் அளவுதான் என்னைத் திகைக்க வைத்தது. இரு பக்க இதழ்களும் விரித்த கைகளைப் போலக் கிடைமட்டமாக நீண்டிருக்க, நுனிக்கு நுனி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இருந்தது. மேல் இதழில் கருஞ்சிவப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடின. கீழே செருப்பின் முன்பகுதி போன்ற பை முன்னோக்கி நீண்டிருந்தது.

மலையுச்சி கருங்கல்தான் என்றாலும், இந்தச் செடி இருப்பது அங்கன்று. ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், அல்ட்ராமாஃபிக் என்னும் மக்னீசியமும் இரும்பும் மிகுந்த பாறை சிதைந்து உண்டான மண் உள்ள செங்குத்தான சரிவுகளிலும் பாறை விளிம்புகளிலும் அது வேர்பிடிக்கிறது. அம்மண்ணில் மக்னீசியமும் நிக்கலும் மிகுதி. பாஸ்பரசும் பொட்டாசியமும் குறைவு. பெரும்பாலான செடிகள் திணறும் இடம் என்பதால் போட்டியும் குறைவு.

பூவின் நடுவே இருக்கும் மலட்டு மகரந்தத்தாளை உற்றுப் பார்க்க வேண்டும். அதன் விளிம்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்கள் செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளின் கூட்டம் அப்பியிருப்பது போலத் தோன்றும். அசுவினியையே தன் புழுக்கள் இரையாகக் கொள்ளும் டிடியோப்சிஸ் ஏக்ரோட்டா என்ற ஈ, அதை நம்பி வந்து முட்டையிடுகிறது. கால் வழுக்கிப் பைக்குள் விழுகிறது. விழுந்த வழியே ஏற முடியாமல், பின்புறத்து ஒடுங்கிய வழியில் நுழையும்போது முதலில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியையும் பிறகு மகரந்தத்தையும் உரசிக்கொண்டே வெளியேற வேண்டியிருக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கோ அங்கே உணவு ஏதும் இல்லை. தேன்கூடத் தராத இந்தப் பூவை, கொஞ்சம் கல்நெஞ்சுக்காரப் பூ என்றே நான் எண்ணுகிறேன்.

ஈயை ஏமாற்றும் பூவைப் பற்றி மனிதர்களும் ஒரு பொய் சொன்னார்கள். 1888-இல் ஜெர்மன் ஆர்க்கிட் அறிஞர் ரைகன்பாக் இதற்குப் பெயரிட்டபோது, போட்டியாளர்கள் தேடிப் போகாதிருக்கும் பொருட்டு, இதன் தாயகம் நியூகினி என்று வணிகர்கள் பரப்பியிருந்தார்கள். கினபாலுவில் இது மீண்டும் கண்டறியப்பட்டது 1959-இல்தான். அந்தப் பொய் பேராசையில் பிறந்ததே என்றாலும், எழுபது ஆண்டுகள் செடிக்குக் காவலாக நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இருப்பிடம் தெரிந்த பின்னர் திருட்டுச் சேகரிப்பு சில கூட்டங்களைக் கடுமையாகச் சிதைத்தது. இன்று இச்செடி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்து அதை உலகச் சந்தையில் விற்க முடியாது.

கண்காட்சியில் நான் பார்த்தது ஆய்வகக் குடுவையில் விதையிலிருந்து முளைத்த செடி. தூசி போன்ற விதை பூக்கும் செடியாவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். அந்த ஈ இல்லாத கண்ணாடிக் கூடங்களில், பசைபோல் ஒட்டும் மகரந்தத்தைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து வளர்ப்பவர்களே சூலகமுடியில் தடவுகிறார்கள்.