மண் அடைச்ச வால்வுப் பைப்பு
தோட்டத்துக்கு நிலத்துக்குக் கீழால லைன் போடேக்க எல்லாரும் மோட்டர் எத்தினை குதிரை வலு, பைப்பு எவ்வளவு தடிப்பு எண்டுதான் கேப்பினம். வால்வுக்கு மேல நேரா நிக்கிற நாலு இஞ்சிப் பைப்பைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை, மண்ணுக்குள்ள மூண்டு அடி ஆழத்தில இருக்கிற வால்வை அதுக்குள்ளால நீட்டுச் சாவியை விட்டுத்தான் பூட்டோணும், அது மண்ணால அடைபட்டா எவ்வளவு திறமான பித்தளை வால்வு போட்டிருந்தாலும் பிரயோசனமில்லை. யாழ்ப்பாணத்தில வலிகாமப் பக்கம் கனகாலமா பைப் வேலை செய்யிறன், லைன் வெடிச்ச வேலையளை விட வெடிச்ச லைனைப் பூட்ட ஏலாமல் நிண்ட வேலையள்தான் என்னை வருத்தினது.

போன பங்குனியில கோப்பாய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். கிணத்தடியில உயரத்தில தாங்கி, அதில இருந்து ஒரு லைன் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும், மற்றது தோட்டத்துக்கு. லாண்ட்மாஸ்டர், அதுதான் ரெண்டு சில்லு உழவு மெசின், விட்டு உழுத பொடியன் தோட்ட லைனை ஒரு இடத்தில நசிச்சுப்போட்டான், அதோட வால்வுப் பைப்பின்ர மூடியும் எங்கையோ பறந்து, உழுத மண் முழுக்க உள்ளுக்க போட்டுது, அதுக்கு மேல தண்ணியும் பட்டு வெயிலும் பட்டு மேல் மண் இறுகிப்போச்சு. தாங்கியடியில பூட்டலாம்தான், ஆனா அதைப் பூட்டினா வீட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணியில்லை. நான் போகேக்க தோட்டக்கார ஐயா பாத்திக்குள்ள நிண்டு பீச்சுற இடத்தை சாக்கால அமத்திக்கொண்டு நிக்கிறார். "தம்பி, கிணறே இறங்கிக்கொண்டு போற நேரத்தில தண்ணி சும்மா போகுதடா" எண்டார். அவற்ற முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

முதல் வேலையா தாங்கியைப் பூட்டச் சொன்னன், வீட்டுக்கு வாளியில அள்ளி வைக்கட்டும் எண்டு. அதுக்குள்ள மகன் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்திட்டார். இதைத்தான் நான் எல்லா இடமும் மறிக்கிறது. மேல நிண்டு அலவாங்கால குத்தினா கீழ என்ன படுகுது எண்டு தெரியாது, வால்வின்ர தண்டு வளைஞ்சால் பேந்து சாவி கொழுவாது, கழுத்தில வெடிப்பு விழுந்தா முழு வால்வையும் மாத்தோணும். சுத்திவரக் கிண்டுறதும் லேசில்லை, அந்தக் காணியில ரெண்டு அடியோட சுண்ணாம்புக் கல்லு, முதல் லைன் போடேக்க கல்லை உடைச்சுத்தான் கிடங்கு வெட்டினவை, ரெண்டு பக்கமும் வெங்காயம் வேற.

யோசிச்சுப் பாருங்கோ, நாலு இஞ்சிப் பைப்பில மூண்டு அடி மண் எண்டா ஏழெட்டு லீட்டர்தான், ஒரு வாளி மண். அந்த ஒரு வாளி மண்ணுக்காக பாத்தியைக் கிண்டி அழிக்கிறதா?

பைப்பு நிறையத் தண்ணி விட்டிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனம். செம்மண் அவசரப்படுத்தினா அசையாது, ஊறவிட்டா தானா இளகும். பேந்து மோட்டரில இருந்து ஓஸ் இழுத்து அதின்ர நுனியில அரை இஞ்சிப் பைப்புத் துண்டொண்டைப் பூட்டி மெல்ல மெல்ல உள்ளுக்க இறக்க, சிவப்புக் கூழா மண் பொங்கி மேலால வழிஞ்சுது. இதில கவனம் என்னெண்டா ஓஸை முழுக்கத் திறந்து விடக்கூடாது, வேகம் கூடினா வால்வுக்குக் கீழ இருக்கிற மண்ணையும் அரிச்சுப்போடும், வால்வு பதிஞ்சு ரெண்டு பக்க ஜொயின்ட்டும் இழுபடும். பாதி ஆழத்துக்குக் கீழ மண் வழியாமல் உள்ளுக்கயே சுத்தத் தொடங்கிச்சு. அப்ப ஓஸை எடுத்திட்டு ஒண்டரை இஞ்சிப் பைப்பொண்டை அடி வாயைச் சரிவா வெட்டிக் குத்தி இறக்கி, மேல் வாயை உள்ளங்கையால இறுக்கிப் பொத்திக்கொண்டு தூக்கினன். மேலால காத்துப் புக வழியில்லாததால சேறு உள்ளுக்க நிக்கும். கரையில கொண்டுவந்து கையை எடுத்துத் தட்ட, குழல் புட்டுத் தள்ளுற மாதிரி முழுசா வந்து விழுந்துது. அதைப் பார்த்த பிறகுதான் மகன் அலவாங்கைக் கீழ வைச்சார், "அண்ணை, நான் ஒருக்காப் பிடிக்கிறன்" எண்டு வாங்கி அவர்தான் மிச்சத்தை எடுத்தது.

கடைசியில பைப்பு ஒண்டுமே எடுக்கேல்லை. போன் லைட்டை அடிச்சுப் பார்த்தா உரப்பையின்ர துண்டொண்டு வால்வுக்கு மேல படிஞ்சு கிடக்கு. கம்பி நுனியை வளைச்சுக் கொழுவி இழுக்க அது நத்தைக்கோதுகளோட வந்துது, கீழ பித்தளை தெரிஞ்சுது.

வால்வு தெரிஞ்ச உடன பலத்தைக் காட்டப்படாது. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது வால்வுக்குள்ளயும் படியும், வருசக்கணக்கா அசையாமல் இருந்த வால்வு இறுகித்தான் கிடக்கும். சாவியைக் கொழுவி கொஞ்சம் பூட்டுற பக்கம், கொஞ்சம் திறக்கிற பக்கம், திரும்ப பூட்டுற பக்கம் எண்டு ஆட்டி ஆட்டித்தான் விடுவிக்கோணும். அப்பிடித்தான் பூட்டினம். தாங்கியைத் திறக்க வீட்டுக்குத் தண்ணி போச்சு, மாடும் குடிச்சுது.

யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, மாரியில பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கி நிக்கிறதுதான் எங்கட தண்ணி. அந்த நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ நாப்பது அடி மட்டுக்கும் நல்ல தண்ணி இருக்கும் எண்டு ஒரு கணக்கு, அப்பிடியெண்டா மேல ஒரு அடி இறங்கினா கீழ உவர் எவ்வளவு மேல ஏறும் எண்டு பாருங்கோ. உடைஞ்ச லைனால போற தண்ணி வெறும் கரண்ட் பில்லில்லை. வாய்க்காலால இறைச்ச காலத்தில தண்ணி மாறுற ஆள் மண்வெட்டியோட பக்கத்தில நிப்பார், உடைச்சா கண்ணுக்குத் தெரியும், ஒரு வெட்டு மண்ணைப் போட்டு மறிச்சாக் காணும். பைப்பு லைன் வந்து எவ்வளவோ தண்ணி மிச்சம், அதில எனக்கு மறுபேச்சில்லை, ஆனா மறிக்கிற இடத்தை மண்ணுக்குள்ள மறைச்சுப்போட்டம்.

நசிஞ்ச துண்டை வெட்டி மாத்தினாப் பிறகு அந்த நாலு இஞ்சிப் பைப்பையும் நிலத்துக்கு மேல அரை அடி உயர்த்தி, இறுக்கமான மூடி போட்டு, சுத்திவரக் கொங்கிறீட் போட்டு விட்டன், லாண்ட்மாஸ்டர் வாற பொடியனுக்குத் தூரத்திலயே தெரியட்டும். சாவி கிணத்தடிக் கொட்டிலில ஆணியில தொங்குது. மாசத்துக்கு ஒருக்கா பூட்டித் திறக்கச் சொல்லி ஐயாவிட்டச் சொன்னன், அவர் மகனைக் கூப்பிட்டு, கிணத்துக் கட்டில இருந்து வால்வு எத்தினை அடி எண்டு அளந்து கொட்டில் சுவரில பெயின்ட்டால எழுத வைச்சார்.