குமிழைச் செதுக்கினால் விறகு மிச்சம்: மண் அடுப்பில் ஐந்து சுற்று

அடுப்பு ஒற்றை மண் அடுப்பு. உட்குழி 22 செ.மீ., வாய் 13 செ.மீ. அகலம், பாத்திரத்தைத் தாங்கும் குமிழ் மூன்றும் 5 செ.மீ. உயரம். விறகு வேலிக்காத்தான். சோதனை எல்லாச் சுற்றிலும் ஒன்றே: மூடி போட்ட அலுமினியக் குண்டானில் 28 டிகிரித் தண்ணீர் 5 லிட்டர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதித்ததும் விறகை இழுத்து, மணலில் குத்தி அணைத்து, மிச்சத்தை நிறுத்துக் கழிக்க வேண்டும். கரியையும் தனியாக நிறுக்கணும். கரியில் அதே எடை விறகைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூடு இருப்பதால், அதை விறகோடு விறகாகச் சேர்த்தால் கணக்கு தப்பும்.

இந்தத் தண்ணீர் கொதிக்கச் சுமார் 1,500 கிலோஜூல் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15,000 வரை இருக்கிறது. சூடு முழுதும் தண்ணீருக்கே போனால் 100 கிராம் போதும். முதல் சுற்றில் எரிந்ததோ 780 கிராம், 24 நிமிடம்.

இரண்டாம் சுற்றில் மாற்றியது விறகை மட்டும். மணிக்கட்டுத் தடிமன் கட்டைகளை நெடுக்காகப் பிளந்து கட்டைவிரல் தடிமனாக்கி, மழை படாத இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியது. ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்தால் போதும். இரண்டு வாரம் எடை அசையாவிட்டால் காய்ந்துவிட்டது. தட்டினால் 'டங்'கென்று கேட்கும், ஈரக்கட்டை 'தொப்'பென்றுதான் கேட்கும். ஈரம் ஆவியாகும்போது சூட்டைத் தின்பதோடு தீயையும் குளிர்த்துவிடுகிறது. எரியாத வாயு புகையாகக் கிளம்புவது அதனால்தான். இந்தச் சுற்றில் 650 கிராம்.

மூன்றாவது, அடியில் தட்டி. 8 மி.மீ. இரும்புக் கம்பிகளை 1.2 செ.மீ. இடைவெளியில் வெல்டிங் செய்து, செங்கல் துண்டுகளின் மேல் 5 செ.மீ. தூக்கி வைத்தது. காற்று கீழிருந்து ஏறியதால் 560 கிராமாக இறங்கியது. ஊதாங்குழலை அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால், சாம்பல் தட்டியை அடைத்திருக்கும், அல்லது வாயில் விறகைத் திணித்திருப்போம். வாயில் பாதிக்கு மேல் விறகு வேண்டாம். நுனி எரிய எரியத் தள்ளிக்கொடுத்தால் போதும்.

பெரிய லாபம் நாலாவதில். குமிழ் 5 செ.மீ. என்றால் தீ பாத்திரத்தின் அடியைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. இருட்டில் பார்த்தால் பாத்திரத்தைச் சுற்றி மஞ்சள் நாக்குகள் வெளியே நீளும். காசு அந்த வழியாகத்தான் போகிறது. மூன்று குமிழையும் நனைத்து, பழைய கத்தியால் 1.5 செ.மீ.க்குச் செதுக்கியது. 430 கிராம், 16 நிமிடம். ஆசைப்பட்டு 0.8 செ.மீ.க்கு இறக்கியதில் புகை போக வழியில்லாமல் வாய் வழியே திரும்பி, 500 கிராமுக்கு ஏறிவிட்டது. திரும்ப மண் வைத்து உயர்த்த வேண்டியதாயிற்று. மூன்று குமிழும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் தீ ஒரு பக்கமே சாயும்; தண்ணீர் ஊற்றிய தட்டை மேலே வைத்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாவதாக, குண்டானைச் சுற்றி 1 செ.மீ. இடைவெளி விட்டு 12 செ.மீ. உயரத்தில் தகர வளையம். 360 கிராம். ஆனால் பாத்திரத்துக்கு ஒரு வளையம் வேண்டும். சோற்றுப் பானைக்கு மட்டும் செய்துகொண்டால் போதும், வாணலிக்கெல்லாம் மெனக்கெட வேண்டாம்.

எத்தனை மிச்சமானாலும் கூரைக்கடியில் புகை போக இடம் வேண்டும். தணலைச் சட்டியில் அள்ளி, கதவடைத்த அறையில் குளிருக்கு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

செதுக்கிய குமிழடியில் இரண்டு வாரத்தில் விரிசல் விட்டது. மூன்று பங்கு புற்றுமண், ஒரு பங்கு உமி, கொஞ்சம் சாணம் சேர்த்து ஒருநாள் ஊறவைத்து, விரிசலை நனைத்துவிட்டு அழுத்திப் பூச வேண்டும். நிழலில் காயணும். வெயிலில் வைத்தால் பூச்சே வெடிக்கும்.