ஆள் இருக்கும்போதே விளக்கு ஏன் அணைகிறது?

அலுவலகக் கூரையில், ஆள் அசைவைப் பார்த்து விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் சென்சார் மேல் யாராவது டேப் ஒட்டியிருந்தால், ஒட்டியவரைத் திட்டுவதற்கு முன் சென்சார் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

பிஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் கண்டுகொள்வது உடல் வெப்பத்தின் அசைவை. குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைப் பிடிக்கத் தாமதமாகும். கண்ணாடித் தடுப்பு நமக்குத்தான் கண்ணாடி, அதற்குச் சுவர். சென்சார் எட்டும் பரப்பு என்று கேட்டலாக்கில் பெரிதாகப் போட்டிருக்கும் வட்டம் பெரும்பாலும் நடப்பவருக்கானது. கீபோர்டில் விரல் மட்டும் அசைகிற ஆளுக்கு அது வெகுவாகச் சுருங்கிவிடும். தடுப்புகள் நிறைந்த கழிவறைக்கு அல்ட்ராசோனிக்கும் (காதுக்குக் கேட்காத ஒலியால் அசைவை உணர்வது) சேர்ந்த இரட்டைச் சென்சார்தான் சரி. எதுவானாலும் ஏசி காற்று வரும் வாயிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ஆளில்லாத அறையில் விளக்கு எரியும்.

டைம் டிலே, அதாவது கடைசி அசைவுக்குப் பின் விளக்கு அணையும் வரை காத்திருக்கும் நேரம், 15 முதல் 20 நிமிடம் போதும். ஐந்து நிமிடம் வைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் டேப்தான் வரும். டெஸ்ட் மோடில் வைத்த சில விநாடிகளை மாற்றாமலே ஒப்படைத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. ஜன்னலோர கேபின்களில் கையால் போட்டு, தானாக அணையும் முறையே மேல்.

பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப விளக்கை மங்க வைக்கும் சென்சாரை மேசையும் கார்ப்பெட்டும் வந்த பிறகே அளவிட வேண்டும்; அது பார்ப்பது மேசையிலிருந்து திரும்பும் ஒளியைத்தானே. இரவில் லக்ஸ் மீட்டரை (வெளிச்சம் அளக்கும் கருவி) மேசைமேல் வைத்து 500 லக்ஸுக்குச் செட் செய்து, மறுநாள் பகலில் சரிபாருங்கள். ஜன்னல் நேராக அதன் கண்ணில் படக்கூடாது. மங்கும் வேகம் மெதுவாக இருக்கட்டும், மேகம் போகும்போதெல்லாம் விளக்கு ஏறி இறங்கினால் யாரும் பொறுக்கமாட்டார்கள்.

விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டாலி (DALI) லைனில் 64 டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) வரை போகலாம். பின்னால் சேர்க்க இடம் விட்டு 50 அளவில் நிறுத்துவது நல்லது. 1.5 சதுர மிமீ ஒயரில் 300 மீட்டர்தான் எல்லை. கிளை பிரிக்கலாம், வளையமாக மூடக்கூடாது. எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரிந்து எந்தக் கட்டளைக்கும் அசையவில்லையா? சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள், முதலில் மல்டிமீட்டரை வையுங்கள். லைனில் சுமார் 16 வோல்ட் டிசி இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட், அல்லது பவர் சப்ளை போய்விட்டது. இந்த லைன் செத்தால் 100 சதவீதத்துக்குப் போவதுதான் டிரைவர்களின் வழக்கமான செட்டிங்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எல்லாருக்குமான கட்டளையைக் கேட்டு, குரூப் கட்டளையைக் கேட்கவில்லை என்றால், யாரோ டிரைவரை மாற்றிவிட்டு முகவரி கொடுக்காமல் போயிருக்கிறார்கள்.