131 யூனிட் பேட்டரியும் 11.9 வோல்ட்டும்

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. கராஜில் அப்பா என் மின்சார வண்டியின் பானட்டுக்குள் குனிந்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சின்ன பேட்டரியில் வைத்துப் பிடித்திருந்தார்.

"கண்ணு, பதினொண்ணு புள்ளி ஒன்பதுதான் காட்டுது."

கைபேசியில் ஆப்பைத் திறந்து பார்த்தேன். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி 82 சதவீதம். எச்சரிக்கை எதுவும் இல்லை. வண்டியைப் பொறுத்தவரை எல்லாம் நலம். மீட்டரைப் பொறுத்தவரை 12 வோல்ட் பேட்டரி காலியாகிக்கொண்டிருந்தது. அன்று அப்பா அளந்து பார்க்காமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு நாளில் அந்த வண்டி கதவைக்கூடத் திறந்திருக்காது.

நான் இருப்பது மிச்சிகனில், கான்டன் பக்கம். வண்டி 2023 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப், பெரிய பேட்டரி வைத்தது. அதில் 131 கிலோவாட்-மணி, நம் ஊர்க் கணக்கில் 131 யூனிட். கோடையில் குடும்பத்தோடு மேக்கினாக் பாலத்தைத் தாண்டி மியூனிசிங் வரை கேம்ப்பிங் போவதாகத் திட்டம். அதற்காகச் சாமான் ஏற்றும் பின் தொட்டியில் இரண்டு வேலை விளக்கு, ஒரு 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், டயருக்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர் ஆகியவற்றை நானே இணைக்க முடிவு செய்தேன். அப்பா ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். கோயம்புத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். மின்சார வண்டியை அதுவரை தொட்டதில்லை.

பானட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல டைனமோ எங்க கண்ணு?"

"டைனமோவே இல்லீங்கப்பா. இன்ஜினே இல்லையே. பெரிய பேட்டரியில இருக்கற 400 வோல்ட் மாதிரியான மின்சாரத்தை ஒரு கன்வெர்ட்டர் எறக்கி, இந்தச் சின்ன பேட்டரிக்கு ஏத்தும்."

"எப்பவுமா?"

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருந்தது. எப்பவும் இல்லை. வண்டி ஆனில் இருக்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும் கன்வெர்ட்டர் வேலை செய்யும். வண்டி தூங்கப் போனால் அதுவும் தூங்கும். பெரிய பேட்டரியைக் காருடன் இணைக்கும் காண்டாக்டர்கள் திறந்துகொள்ளும், அதாவது தொடர்பு அறுந்துவிடும். அவற்றை மறுபடி மூட வேண்டுமானால் 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, கணினிகள், எல்லாம் 12 வோல்ட்டில்தான். சின்ன பேட்டரி செத்தால் 131 யூனிட்டும் சாவி உள்ளேயே மாட்டிக்கொண்ட பீரோ மாதிரிதான். இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். படித்தும், "பேட்டரி குறைந்தால் வண்டி தானாகவே விழித்து ஏற்றிக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் சனிக்கிழமை மதியம் ஃப்ரிட்ஜை நேராக சின்ன பேட்டரியில் கொடுத்துவிட்டு, சார்ஜரும் போடாமல் விட்டிருந்தேன். சராசரியாக ஒரு ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தாலும் திங்கள் காலைக்குள் 40 ஆம்பியர்-மணிக்கு மேல் போயிருக்கும். ஓய்வில் இருக்கும்போது 12.8 வோல்ட் என்றால் இந்தச் சின்ன பேட்டரி நிறைந்திருக்கிறது என்று பொருள், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 11.9 என்பது ஆபத்தான இடம்.

சரி, வண்டி ஏன் விழிக்கவில்லை? அப்பாதான் கண்டுபிடித்தார். நெகட்டிவ் முனையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பொருத்தியிருந்தது. "இது என்ன கண்ணு, ஷன்ட் மாதிரி இருக்குது?" என்றார். ஷன்ட்டேதான். பேட்டரிக்குள் போகும் மின்சாரம், வெளியே வரும் மின்சாரம் இரண்டையும் அளக்கும் சென்சார். வண்டி தன் பேட்டரிக் கணக்கை அதை வைத்துத்தான் எழுதுகிறது. நான் ஃப்ரிட்ஜின் நெகட்டிவ் வயரை அந்தப் பெட்டியைத் தாண்டி, நேரே பேட்டரி முனையில் மாட்டியிருந்தேன். கல்லாப் பெட்டியில் பின்பக்கம் ஓட்டை போட்டுப் பணம் எடுத்த மாதிரி. கணக்குப் புத்தகத்தில் செலவே ஏறவில்லை.

வண்டியின் கையேட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள்: கூடுதல் சாதனங்களின் நெகட்டிவை பேட்டரி முனையில் கொடுக்காதே, வண்டி உடம்பில் இருக்கும் எர்த்தில் கொடு. இந்த ஒரு வரி எனக்கு இப்போது மனப்பாடம். உங்கள் வண்டி எதுவானாலும் நெகட்டிவ் முனையில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தோம். முதலில் சார்ஜ் கேபிள் செருகியிருக்கவில்லை என்று உறுதி செய்தோம். வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன், இல்லாவிட்டால் அருகில் போகும்போதெல்லாம் வண்டி விழித்துக்கொள்ளும். லைட்னிங்கின் பானட் மின்சாரத்தில் திறந்து மூடுவது. ஆகவே அதைத் திறந்தே வைத்து, கண்ணாடிகளையும் இறக்கிவிட்ட பிறகுதான் 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றினோம். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எங்கெல்லாம் ஓடுகிறது என்று டார்ச் அடித்து அப்பாவுக்குக் காட்டினேன். அது உயர் மின்னழுத்தம். அதன் கிளிப்பைக்கூடத் தொடக் கூடாது, அதோடு சேர்த்து நம் வயரைக் கட்டக் கூடாது. வண்டியின் அடியில் முழுக்கப் பேட்டரிதான் என்பதால் தரையில் எங்கேயும் துளை போடவே இல்லை.

அப்புறம் அப்பா விளக்கு கிட்டோடு வந்த வயரை எடுத்தார். பேனாக்கத்தியால் ஒரு இழையை லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை.

"அலுமினியம் கண்ணு. மேல செம்புப் பூச்சு." அந்த வயரை சுருட்டி ஒதுக்கி வைத்தார். அந்த கிட்டிலிருந்து விளக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வயர், ஸ்விட்ச், ரிலே எல்லாம் தனியாக வாங்கினேன். செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் அதே தடிமனுள்ள செம்பைவிட அதிகம் சூடேறும், முனையை நெரித்துப் பொருத்திய இடத்தில் நாளாக ஆகத் தளரும். முப்பது டாலர் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

வயர் வாங்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது, ஆனால் பயனுள்ள வேடிக்கை. "பதினாலாம் நம்பர் போதும்" என்றார் அப்பா. அவர் சொன்னது ரீவைண்டிங்கில் புழங்கும் எஸ்டபிள்யூஜி என்ற பிரிட்டிஷ் வயர் நம்பர் கணக்கு. கடையில் இருந்தது அமெரிக்க ஏடபிள்யூஜி. இரண்டிலும் நம்பர் ஏறினால் வயர் மெலியும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எஸ்டபிள்யூஜி 14 என்பது 2.03 மில்லிமீட்டர் விட்டம். அமெரிக்கக் கணக்கில் அது ஏறக்குறைய 12. நான் அமெரிக்க 14 வாங்கியிருந்தால் அவர் நினைத்ததைவிட மெல்லிய வயர் வந்திருக்கும். ஊரிலிருந்து யாரிடமாவது போனில் கேட்டு வயர் வாங்குகிறவர்கள் சதுர மில்லிமீட்டரில் கேட்பது நல்லது.

விளக்குக்கு அமெரிக்க 12ஆம் நம்பர் போதும். கம்ப்ரஸர் 30 ஆம்பியர் இழுக்கும், பேட்டரியிலிருந்து பின்தொட்டி வரை 20 அடி. போக வர 40 அடிக்கு 10ஆம் நம்பர் போட்டால் வயரிலேயே 1.2 வோல்ட் தொலையும். 6ஆம் நம்பர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். ஆறாம் நம்பரையே இழுத்தோம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் மெயின் பியூஸ். சாணுக்குள் ஏன் என்றால், பியூஸ் காப்பது சாதனத்தை அல்ல, வயரை. பியூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து ஆறு வழி பியூஸ் பெட்டி ஒன்று.

விளக்குகளுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ரிலேயில் 85, 86 இரண்டும் காயில், 30 உள்ளே வருவது, 87 வெளியே போவது. வண்டி ஆனில் இருக்கும்போது மட்டும் உயிர் வரும் ஒரு பியூஸிலிருந்து காயிலுக்கு எடுத்தேன். காயில் இழுப்பது 150 மில்லி ஆம்பியர் அளவுதான், அந்த பியூஸுக்கு அது சுமையே இல்லை. வண்டி தூங்கினால் விளக்கும் தானே அணைந்துவிடும், மறந்துபோக வழியே இல்லை. முன்விளக்கு வயரைக் கீறி அதிலிருந்து எடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். கூடாது. இந்தக் காலத்து வண்டிகளில் விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது, கூடுதலாக ஏதாவது இழுத்தால் கோளாறு என்று காட்டும்.

எர்த்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எஃப்-150 வண்டியின் உடம்பு அலுமினியம், அடியில் அதைத் தாங்கும் சட்டம் (சேஸிஸ்) இரும்பு. பின் தொட்டி விளக்கின் எர்த்தை நான் முதலில் தொட்டியின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு முடித்திருந்தேன். ஓம், அதாவது மின்தடையை அளந்தால் பூஜ்யம் காட்டியது, திருப்தியாக இருந்தேன். அப்பா ஓம் அளவை நம்பவில்லை. "ஓம் பாத்தா எல்லாம் நல்லவன்தான். லோடு குடுத்துப் பாரு" என்றார். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் நெகட்டிவிலும் இன்னொன்றை நீண்ட வயர் கட்டி பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். 0.9 வோல்ட். எர்த் சரியாக இருந்தால் அங்கே கிட்டத்தட்ட எதுவும் காட்டக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு வோல்ட் அந்த ஸ்க்ரூவில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

அலுமினியத்தின் மேல் காற்று பட்ட உடனே ஒரு ஆக்சைடு படலம் வரும், அது மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு வேறு. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, துளையை அடைத்தோம். சட்டத்தில் கம்பெனியே கொடுத்திருந்த எர்த் போல்ட்டில் இடம் எடுத்தோம். அப்பா அதை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார், வெள்ளீயப்பூச்சு போட்ட செம்பு லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்), பல்வைத்த வாஷர், இறுக்கியதும் மேலே கிரீஸ். லக்கை நெரிக்க ராட்செட் கிரிம்பர், மேலே பசை உருகும் ஸ்லீவ். மறுபடி அளந்தோம்: 0.04.

ஃப்ரிட்ஜுக்கு வேறு வழி யோசிக்க வேண்டியிருந்தது. இரவு முழுக்க ஓட வேண்டியது அது ஒன்றுதான். அதை வண்டியின் சின்ன பேட்டரியில் கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். 50 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி ஒன்றைப் பின்தொட்டியில் பெட்டிக்குள் வைத்தேன். ஃப்ரிட்ஜ் அதில் ஓடும். அதற்குச் சார்ஜ், தொட்டியிலேயே வண்டி கொடுத்திருக்கும் 120 வோல்ட் பிளக்கிலிருந்து, ஒரு சாதாரண சார்ஜர் வழியாக. அந்த பிளக்குகளுக்கு மின்சாரம் வருவது பெரிய பேட்டரியிலிருந்து. ஆக, ஃப்ரிட்ஜுக்கும் சின்ன பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. ஓட்டிக்கொண்டு போகும்போது ஏறிவிடும், இரவில் 640 வாட்-மணி கையில் இருக்கும். வண்டியின் 12 வோல்ட் அமைப்பில் ஒரு வயர்கூட வெட்டவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். மின்சார பிக்கப்பில் இவ்வளவு நல்ல பிளக் இருக்கும்போது, பழைய டீசல் வண்டிப் பழக்கத்தில் பேட்டரி முனையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எல்எஃப்பியில் ஒரு எச்சரிக்கை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெடும். குளிர்காலத்தில் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன்.

மியூனிசிங்கில் மூன்று இரவு தங்கினோம். மூன்று காலையும் அப்பா காபி டம்ளரை தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு அளந்தார். 12.7, 12.7, 12.6. அந்த எண்களை ஒரு சீட்டில் தேதியோடு எழுதி பியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். ஆறு வழிகளில் எதில் எவ்வளவு ஆம்பியர் பியூஸ், வயர் என்ன நிறம் என்பதும் அதே சீட்டில், தமிழில்.

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஜனவரியில் ஒரு நாள் கடுங்குளிர். பழக்கத்தில் அளந்து, மீட்டரைப் படமெடுத்து அனுப்பினேன். 12.6.

"சரி கண்ணு. அந்த எர்த் போல்ட்ட ஒருக்கா பாத்துரு, உப்பு ஏறியிருக்கும்" என்று பதில் வந்தது.

அட்டையை விரித்துப் படுத்துப் பார்த்தேன். கிரீஸுக்கு மேல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. துடைத்து, விளக்கைப் போட்டு அளந்தேன். 0.05.