மெக்சிகோ வரைக்கும்தான்

அவர் ஒரு ஷூ பெட்டியை மேஜைமேல் வைத்தார். உள்ளே ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், மாதத்துக்கு ஒரு கட்டாக, ரப்பர் பேண்ட் போட்டு. நான்கு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை அவருக்கு. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

2016 பிப்ரவரி. லாஸ் ஏஞ்சலஸில் மெக்கார்தர் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு வரிக்கணக்குக் கடை. எனக்கு அது முதல் சீசன். காலையிலிருந்து ஏழெட்டு பேருக்குக் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். எல்லோரும் மெக்சிகோவின் மிச்சோவாகான், ஹலிஸ்கோ பக்கத்து ஆட்கள்; வேலை இங்கே, பிள்ளைகள் ஊரில். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வி கேட்கும்: அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இவற்றில் எங்காவது வசிக்கிறதா? ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போய்க் கை பழகிவிட்டது. இவருக்கும் அப்படியே நான்கு முறை தட்டினேன்.

வருமானம் 24,000 டாலர். பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் 1,600 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரி. அப்போது தலைக்கு 4,000 டாலர் கழிவு உண்டு. நான்கு பிள்ளைகளுக்கு 16,000, வரி பூஜ்யம். “சம்பளத்தில் பிடித்த வரி முழுக்கத் திரும்ப வரும்” என்றேன். அவர் அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

கடை முதலாளியம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, சான்றிதழில் இருந்த ஊர்ப்பெயரில் விரலை வைத்தார். வேவேதெனாங்கோ. “இது குவாத்தமாலா, மிஹா. கணக்கில் வராது.” மிஹா என்றால் மகளே என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் காது சுட்டது.

சட்டம் அப்படி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைச் சார்ந்திருப்பவராகக் காட்ட வேண்டுமென்றால் அந்த நாடு அமெரிக்காவை ஒட்டி இருக்க வேண்டும். அதாவது கனடா அல்லது மெக்சிகோ. அதற்குத் தெற்கே ஒரு ஆற்றைத் தாண்டி வளரும் பிள்ளை கணக்கிலேயே இல்லை. அதே சோளம், அதே பள்ளிச் சீருடைச் செலவு, அதே ரசீதுக் கட்டு. நான் அவரிடம் இதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. போனைக் காதில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார், மறுமுனையில் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அது மட்டும் நினைவிருக்கிறது.

இந்த வேலைக்கு நான் வந்து சேர்ந்ததும் ஒரு காகிதத்தால்தான். கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். எங்களைப் போன்றவர்களுக்கு 2015 மே மாதம்தான் வேலை அனுமதி அட்டை தர ஆரம்பித்தார்கள், அதுவும் எல்லோருக்கும் இல்லை. மதுரையில் படித்த பி.காம். எட்டு வருஷமாகப் பரணில் கிடந்தது. கலிஃபோர்னியாவில் 60 மணி நேரப் படிப்பு முடித்து 5,000 டாலர் பிணைப்பத்திரம் வாங்கினால் வரிக்கணக்கு போடப் பதிவு செய்துகொள்ளலாம். செய்துகொண்டேன். நாங்கள் குடியிருந்த வளாகத்தில் புல் வெட்ட வருகிறவரை எல்லோரும் ‘மெக்சிகன் ஆள்’ என்போம். நானும் அப்படித்தான் சொல்வேன். அவர் ஹோண்டுராஸ்காரர் என்பது கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

கடைக்கு வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் எந்த நாடு என்று சொல்லிவிட முதலாளியம்மாவால் முடியும். நான் கற்ற ஸ்பானிஷ் மெக்சிகோ ஸ்பானிஷ். அதில் நெருங்கியவர்களுக்கு ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தேத்’. நம் நீ, நீங்கள் மாதிரி. எல் சால்வடோர், ஹோண்டுராஸ், குவாத்தமாலாக்காரர்களுக்கு இன்னொன்று உண்டு, ‘வோஸ்’. அதற்கு வினைச்சொல்லும் வேறு மாதிரி முடியும். ஊரில் வோஸ் என்று வளர்ந்தவர்கள் மெக்சிகோவைக் கடக்கும்போது நாக்கைக் கட்டிக்கொண்டு தூ என்று பேசப் பழகுவார்களாம். வாய் தவறினால் வழியில் நிற்கும் போலீஸ்காரர் காசு பிடுங்குவார், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். மெக்சிகோவின் தேசிய கீதத்தைப் பாடச் சொன்னார்கள் என்று ஒரு சால்வடோர் பையன் சொன்னான். இரண்டு வரி தெரிந்துவைத்திருந்தானாம். மூன்றாவது வரி கேட்டிருக்கிறார்கள்.

ஏப்ரலோடு வரி சீசன் முடிந்துவிடும். மீதி மாதங்களில் அதே கடையில் பணம் அனுப்பும் கவுண்டரில் உட்காருவேன். உண்மையில் நான் பொருளாதாரம் கற்றது அங்கேதான்.

2016 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிவு வந்த ராத்திரி, டாலருக்குப் பதினெட்டரை சொச்சமாக இருந்த மெக்சிகோ பேசோ இருபதைத் தாண்டிப் போனது. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை. எல்லோரும் மெக்சிகோக்காரர்கள். வந்திருக்கும் அதிபரை நினைத்து முகத்தில் பயம், கையில் இருந்ததையெல்லாம் அனுப்பிவிடும் அவசரம். “பயத்துக்கு இன்னைக்கு நல்ல ரேட் கிடைக்குது” என்றார் வரிசையில் ஒருவர். அந்த வரிசையில் சால்வடோர்காரர்கள் ஒருவரும் இல்லை. 2001 ஜனவரியிலிருந்து அவர்கள் நாட்டின் காசே டாலர்தான். 200 அனுப்பினால் அங்கேயும் 200. தக்காளி விலையும் டாலரில். குவாத்தமாலாவின் கெட்சால் அந்த வருஷம் முழுக்க டாலருக்கு ஏழரையை ஒட்டியே நின்றது. ரேட் எவ்வளவு என்று கேட்பார்கள், ஏழரை என்று சொல்லும்போது எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

தொகையை மட்டும் பார்த்தால் மெக்சிகோதான் பெரியது. 2023-இல் அந்த நாட்டுக்குப் போன பணம் சுமார் 6,300 கோடி டாலர். எல் சால்வடோருக்கு 800 கோடிதான். ஆனால் மெக்சிகோ பெரிய நாடு. கார் செய்கிறது, எண்ணெய் எடுக்கிறது. அந்த 6,300 கோடி அதன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு நான்குகூட வராது. எல் சால்வடோரில் அந்த 800 கோடி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஹோண்டுராஸில் அதற்கும் மேலே, குவாத்தமாலாவில் ஐந்தில் ஒரு பங்கு. கவுண்டரில் இது வேறு மாதிரி தெரியும். மெக்சிகோக்காரர் வேலை இல்லாத மாதம், “இந்த மாசம் விட்டுடலாம், தம்பி பார்த்துக்குவான்” என்பார். தம்பிக்கு அங்கே ஏதாவது ஒரு தொழிற்சாலை இருக்கும். குவாத்தமாலாக்காரர் பக்கத்தில் நிற்கிறவரிடம் கடன் வாங்கியாவது அனுப்புவார்.

ஏனென்றால் அவர் பலமுறை அனுப்பிக்கொண்டிருந்தது வீட்டுக்கே இல்லை. எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது. ஷூ பெட்டிக்காரர் அடுத்த பிப்ரவரியும் வந்தார். இந்த முறை பெட்டி இல்லை. பேச்சுவாக்கில் கேட்டேன். வடக்கே கூட்டிவரும் தரகருக்குப் பெயர் கொயோத்தே. மெக்சிகோவில் இருந்து வருகிறவர் ஒரு எல்லையைக் கடக்கக் காசு கொடுக்கிறார். குவாத்தமாலாவில் இருந்து வருகிறவருக்கு முழு மெக்சிகோவும் சேர்த்துக் கூலி. அந்தக் காசுக்காக நிலப்பத்திரத்தை ஊரில் ஒருவரிடம் வைத்திருக்கிறார். வட்டி எவ்வளவு என்றேன். நூற்றுக்குப் பத்து. வருஷத்துக்கா என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாதத்துக்கு.

பத்து வட்டி. எங்கள் தெருவில் இதற்குத் தூக்கு மாட்டிக்கொண்ட குடும்பம் உண்டு. இந்த வார்த்தையை ஸ்பானிஷில் கேட்பேன் என்று நினைத்ததில்லை. அவர் இங்கே வந்த முதல் இரண்டு வருஷச் சம்பளம் முழுக்க அந்தப் பத்திரத்துக்குப் போயிருந்தது. அதே வருஷம் வந்த மெக்சிகோக்காரர் அதற்குள் ஒரு பழைய டிரக் வாங்கி, தோட்ட வேலைக்கு இரண்டு ஆள் வைத்திருப்பார். இரண்டு பேரில் ஒருவர் அநேகமாகக் குவாத்தமாலாக்காரர்.

இப்படிச் சொன்னால் மெக்சிகோ மேலே, மத்திய அமெரிக்கா கீழே என்று ஒரு ஏணி இருக்கிற மாதிரி ஆகிவிடும். முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் சால்வடோர் அம்மாக்களின் கணக்கைப் போட ஆரம்பித்ததும் அந்த ஏணி கலைந்தது.

2001-இல் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எல் சால்வடோரில் அடுத்தடுத்து நிலநடுக்கம். அப்போது அமெரிக்காவில் இருந்த சால்வடோர்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு என்று ஒரு அந்தஸ்து கொடுத்தார்கள். ஹோண்டுராஸ், நிகராகுவாக்காரர்களுக்கு மிட்ச் புயலுக்குப் பிறகு 1999-இலேயே கிடைத்திருந்தது. குவாத்தமாலாவுக்குக் கிடைக்கவில்லை, மெக்சிகோவுக்கும் இல்லை. அந்த அந்தஸ்தோடு வேலை அட்டையும், அதோடு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வரும். எண் இருந்தால், குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு திருப்பித் தரும் உழைப்பு வருமானச் சலுகை கிடைக்கும்.

ஒரே நாளில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் ஆள் துணை இல்லாமல் பிள்ளை வளர்ப்பவர்கள், இரண்டு பேருக்கும் இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள், இரண்டு பேர் வருமானமும் 18,000 டாலரை ஒட்டி. சால்வடோர் பெண்ணுக்கு அந்த ஒரு சலுகையில் மட்டும் 5,500 டாலருக்கு மேல். அடுத்து உட்கார்ந்தவர் மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்துக்காரர், வரித்துறை தரும் தனி எண் மட்டும் வைத்திருந்தவர். அவருக்கு அந்தச் சலுகை பூஜ்யம். நடைபாதையில் வியாபாரம் செய்கிறவர், வீட்டில் பேசுவது சபோதெக் மொழி; ஸ்பானிஷ் அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். கடவுச்சீட்டில் மெக்சிகோ என்று இருந்ததே தவிர, வாழ்க்கை வேவேதெனாங்கோக்காரர் மாதிரித்தான். அவர் விற்ற தமால், அதாவது சோளமாவுக் கொழுக்கட்டை, சோளத் தோலில் கட்டியது இல்லை, வாழையிலையில் கட்டியது. மத்திய அமெரிக்கர்களும் அப்படித்தான் கட்டுவார்கள். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். இலையை விரித்ததும் வந்த வாசனையில் நான் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை.

முதலாளியம்மா சகதேகாஸ் மாநிலத்துக்காரர். உழைத்தால் முன்னுக்கு வரலாம், நான் வரவில்லையா என்று அடிக்கடி சொல்வார். உண்மைதான், அவரைப் போல உழைக்கிறவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வந்தது 1979-இல். 1986-இல் வந்த மன்னிப்புச் சட்டம், 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இங்கே இருந்தவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு வழி திறந்தது. சுமார் 27 லட்சம் பேர் அந்தச் சட்டத்தில் காகிதம் பெற்றார்கள், பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் 1980 முதல் 1992 வரை. தப்பி வந்தவர்களில் பலர் அந்தத் தேதிக்குப் பிறகுதான் எல்லையைத் தொட்டார்கள். போர் இன்னும் இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் அவர்களுக்கும் கடை இருந்திருக்கும் என்று ஒருநாள் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தார். “நான் வந்த வருஷம் என் அக்கா வரல, மூணு வருஷம் கழிச்சு வந்தா” என்றார். அக்கா இன்னும் வீடு துடைக்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மெக்சிகோ வம்சாவளியினர் நன்றாக இருக்கிறார்கள், குவாத்தமாலா, ஹோண்டுராஸ்காரர்களிடம் வறுமை அதிகம், சொந்த வீடு குறைவு என்று கணக்கெடுப்புகள் காட்டும்போது எனக்கு இந்த அக்காதான் ஞாபகம் வருவார். மெக்சிகோ வம்சாவளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். தாத்தா காலத்தில் வந்த குடும்பத்தையும் போன வருஷம் ஆற்றைத் தாண்டியவரையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்தால் வேறென்ன தெரியும்.

2018 ஜனவரி 8, திங்கட்கிழமை. சால்வடோர்காரர்களின் தற்காலிகப் பாதுகாப்பு அடுத்த வருஷம் செப்டம்பரில் முடிகிறது என்று அரசு அறிவித்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேர். அன்று கடைக்கு வந்தவர்கள் யாரும் வரி பற்றிக் கேட்கவில்லை. ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் ஒரு அம்மா, வீட்டுக் கடன் தாளை எடுத்து வந்திருந்தார். முப்பது வருஷக் கடன், கட்டி முடித்தது பதினொன்று. “நான் போயிட்டா மீதியை யார் கட்டணும், கொன்ட்டதோரா?” என்றார். கணக்குப்பிள்ளையம்மா என்று அர்த்தம். வக்கீலைப் பாருங்கள் என்று சொல்ல மட்டும்தான் எனக்கு உரிமை உண்டு, அதைச் சொன்னேன். அந்த வருஷமே அக்டோபரில் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. எங்கள் வேலை அட்டையையும் ரத்து செய்யப் போவதாக அப்போது பேச்சு இருந்தது. என் கைப்பையில் இருந்த அட்டையை அன்று இரண்டு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். என் கணவர் சம்பளம் வேறு, அந்த அம்மாவின் நிலைமை வேறு, இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கடைசியாக 2019 சீசன். புதிய வரிச்சட்டம் தலைக்கழிவையே பூஜ்யமாக்கிவிட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 500 டாலர் சலுகை மெக்சிகோவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. மிச்சோவாகான்காரர் ஒருவர், வருஷா வருஷம் முதல் வாரமே வருகிறவர், வழக்கம்போல மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். இதெல்லாம் இனிமேல் தேவையில்லை என்று விளக்கினேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்போ நாங்களும் குவாத்தமாலா ஆயிட்டோமா?” என்று சிரித்தார். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். எந்த நாடு என்று தெரியவில்லை, வாயைத் திறக்கவில்லை. மிச்சோவாகான்காரர் உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு கவுண்டருக்குப் போய், இன்றைக்கு பேசோ எவ்வளவு என்று கேட்டார்.