சுவர் நிறையக் கொழுந்து

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைச் சுவர் ஒருவழியாக நிறம் கண்டுவிட்டது. 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் வரைந்தார்களே, அப்போதே வந்த ஆசை.

சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் நூல் பிடித்துப் பெரிய கட்டங்கள் போட்டோம். ஆளுக்கொரு கட்டம். கிட்ட நின்றால் வெறும் பச்சைத் திட்டு. ரோட்டுக்கு இறங்கிப் பார்த்தால் கொழுந்து பறிக்கும் கை! எல்லோரும் ஒன்றாகக் கத்திவிட்டோம். தனியாக வரைவதில் இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

மூடுபனியில் சுவர் ஈரமாக இருந்தால் பெயின்ட் சரியாக ஒட்டாது. வெயில் வரும்வரை பிளேன்டீயும் ஊர்க்கதையும்தான். (பாதி ஓவியம் அந்த அரட்டையில்தான் முடிவானது.)

கூடைக் கயிறு தலையில் எங்கே நிற்கும் என்று திருத்திக் கொடுத்தவர், மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியம்மா.

அடுத்தது கொழுந்து மடுவத்துச் சுவர் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை). வீட்டில் வெள்ளை பெயின்ட் மிச்சமிருப்பவர்கள் இன்பாக்ஸ் வாங்க!