வன்னியில் சிரமதானம் முடித்து ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு

பாடசாலைக்குக் கழிப்பறை கட்ட, வாசிகசாலைக்கு நிலம் போட என்று வன்னிக்குக் குழுவாக வருகிறவர்கள் கடைசி இரண்டு நாளை ஊர் பார்க்க ஒதுக்குவார்கள். ஒதுக்கத்தான் வேண்டும். அந்த இரண்டு நாள் நிம்மதியாகப் போகுமா என்பது, முந்தின கிழமை கடைசிச் சீமெந்தை எப்போது குழைத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

கொங்கிறீற் போட்டால் குறைந்தது 7 நாளுக்கு ஈரம் காயவிடக் கூடாது. வைகாசி, ஆனி வெயிலோடு சோளகக் காற்றும் சேர்ந்துவிட்டால் விடிய ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். இறுகத் தேவையான ஈரம் இல்லாமல் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் விழும்; பிறகு தும்புத்தடியால் கூட்டும்போதெல்லாம் தூள் எழும்பும். ஆகவே கடைசிக் கொங்கிறீற் வேலையைப் பயண நாளுக்கு 8 நாள் முன்னாவது முடித்துவிடுங்கள். பிந்திவிட்டால் சாக்குகளை விரித்து நனைத்து, மேலே பொலித்தீன் போட்டு, ஓரங்களுக்குக் கல் வையுங்கள். காலையும் பின்னேரமும் தண்ணீர் விட ஊரில் ஒருவரைக் கூலி பேசி ஒழுங்குபண்ணுங்கள். கிணறு பாடசாலை வளவுக்குள் இருந்தால் சனி, ஞாயிறு படலை பூட்டிக் கிடக்கும். திறப்பு யாரிடம் என்று அவருக்குத் தெரியாவிட்டால் கூலி கொடுத்தும் பயனில்லை.

ஒப்படைப்புக்கு ஒரு முழு அரைநாள் வேண்டும். இரவல் வாங்கிய மண்வெட்டி, அலவாங்கு, தாச்சி எல்லாவற்றையும் சீமெந்து காயமுன் கழுவி உரியவரின் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். குழுக் காசில் வாங்கியவற்றை எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கையெழுத்து வாங்குங்கள். உடைத்த சீமெந்துப் பை ஈரக்காற்றில் கட்டிபட்டுவிடும் என்பதால் அந்தக் கிழமையே வேலை இருக்கிறவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. கடைக் கொப்பியில் கடன் மிச்சம் இருக்கிறதா என்று பொறுப்பானவர் நேரே போய்ப் பார்க்க வேண்டும். தேத்தண்ணிக் கடையில் யாரோ குடித்த நாலு பிளேன்ரீயின் காசு நின்றால்கூட அடுத்த குழுவுக்குத்தான் அது கெட்ட பெயர்.

இனிப் பயணம். கிழக்கு, மேற்கு இரண்டையும் இரண்டு நாளுக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். பெரும்பகுதி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும்.

கிழக்கென்றால் மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியால் முல்லைத்தீவு சுமார் 50 கிலோமீற்றர். வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம். அதற்குப் பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் கல் நட்ட இடம் அது. அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன் என்பதையும் அங்கே வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகை அம்மன் கோயில் இது. பொங்கல் நாளில் பெரிய வாகனத்தோடு போனால் சனக்கூட்டத்துக்குள் அகப்பட்டுக்கொள்வீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் நடக்கலாம், மீனவர் வலை இழுப்பதைப் பார்க்கலாம். ஆனால் அது திறந்த கடல். மாரி காலத்தில் இறங்கவே வேண்டாம், மற்ற நாளிலும் அங்குள்ள தொழிலாளியைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

திரும்பும் ஏ35 வீதி வட்டுவாகல் பாலத்தால் நந்திக்கடலைக் கடந்து முள்ளிவாய்க்கால் வழியாகப் புதுக்குடியிருப்புக்கும் பரந்தனுக்கும் போகிறது. முள்ளிவாய்க்காலைப் பார்க்கும் இடங்களின் பட்டியலில் சேர்க்காதீர்கள். உங்களோடு கல் சுமந்த ஊரவரில் பலர் 2009இல் அங்கே உறவுகளை இழந்தவர்கள். இறங்குவதா, பேசாமல் கடந்து போவதா என்று அவர்களிடம் முதல்நாளே கேளுங்கள். இறங்கினால் செருப்பைக் கழற்றுங்கள். குழுப்படம் வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

மேற்குப் பக்கம் வயது போனவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குழுவுக்குத் தோதானது என்பது என் எண்ணம். வவுனியாவிலிருந்து மடு மாதா கோயில், பிறகு திருக்கேதீச்சரம் சிவன் கோயில், இரவு மன்னாரில் தங்கல். மடுவில் ஆவணித் திருவிழாவான ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் நிற்க இடம் கிடைக்காது. மதிய நேரத்தில் கோயில்களின் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரத்துக்கு 11 மணிக்கு முன் போய்ச் சேரப் பாருங்கள். பாலாவியில் கால் நனைக்க நேரம் விடுங்கள். கோயிலுக்குப் போவதற்கு முந்தின இரவுச் சாப்பாட்டை மரக்கறியாக வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

அடுத்தநாள் பள்ளிமுனைப் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய மரம், அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அடியின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பெரியவர்கள் பன்னிரண்டு பேராவது கைகோர்த்தால்தான் சுற்றி முடியும். ஆகவே குழுவாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடமில்லை. பட்டையில் பெயர் கீற விடாதீர்கள். கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் வந்தால் வங்காலைப் பக்கத்துச் சேற்றுநிலங்களில் பூநாரைகள் நிற்கும். தலைமன்னார் இறங்குதுறை வெயில் ஏறமுன் பார்க்க வேண்டிய இடம், நிழலே இல்லை.

எந்தப் பக்கம் போனாலும் காட்டோரம் பஸ்ஸை நிறுத்தி ஒதுங்க விடாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பழத்தை வீதியோரம் விற்கிறவர்களிடம் வாங்குங்கள். ஒதுங்குவதற்கு முறிகண்டி, எரிபொருள் நிலையம், கோயில் வளவு என்று முன்பே இடம் குறித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் சாரதியும் வண்டியை எடுக்கமாட்டார்.

இருபது பேருக்கு ரோசா பஸ் போதும். பெரிய பைகளுக்கு அதில் இடமில்லை; அவற்றைத் தங்குமிடத்தில் விட்டுப் போங்கள். வாடகை பேசும்போதே நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகத்துக்கு என்ன விலை, டீசல் யார் செலவு, சாரதியின் பட்டா (நாட்படி), அவர் படுக்க இடம் எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். இருட்டினால் வீதியில் மாடும் காட்டோரங்களில் யானையும் நிற்கும். ஆறரைக்குள் தங்குமிடம் சேரும்படி கணக்குப் பண்ணுங்கள்.

பயணச் செலவுக்கென்று ஆளுக்கு இவ்வளவு எனத் தனியாகச் சேர்த்து, தனிக் கொப்பியில் எழுதுங்கள். கழிப்பறைக்கென்று தந்தவரின் காசு டீசலுக்குப் போகக் கூடாது. அந்தக் காசில் மிச்சம் இருந்தால் ஒப்படைப்பு நாளிலேயே சங்கத்தின் கையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிவிடுங்கள்.